தூக்க ஊசிக்குப் பிறகு என் மகனுக்கு வந்தது ஃபிட்ஸ் அல்ல

மூன்று வயது முடிந்தும் என் மகன் அம்மா, தண்ணி, போ என்று நாலைந்து சொல்லுக்கு மேல் பேசவில்லை. குழந்தைகள் டாக்டர், "முதல்ல காது சரியாக் கேக்குதான்னு பாத்துருவோம்மா, ஒரு பெரா டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்றார். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, காதில் டிக் டிக்கென்று சத்தம் கொடுத்து, அது மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள். பிள்ளை அசையாமல் கிடக்க வேண்டும் என்பதால் தூங்க வைத்துத்தான் எடுப்பார்கள். டெஸ்ட்டில் ஒரு ஆபத்தும் இல்லை. தூங்க வைக்கக் கொடுக்கிற மருந்தில்தான் எங்களுக்கு எல்லாம் வந்தது. நாங்கள் மேலூர் பக்கம் கிராமம். கணவர் குவைத்தில் இருக்கிறார். வீட்டில் நானும் மாமியாரும் பிள்ளையும்தான். தூக்க மருந்தால் ஒரு பிள்ளையின் கழுத்து திருகிக்கொள்ளும், கண் மேலே செருகி நிற்கும் என்று அதற்கு முன் எனக்கு யாரும் சொன்னதில்லை. ஒரே ஒருவர் சொல்லியிருந்தால்கூட அந்த ராத்திரி வேறு மாதிரி போயிருக்கும். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

டெஸ்ட் எடுத்தது மதுரையில் ஒரு தனியார் மையத்தில். முதல் நாள் இரவு லேட்டாகத் தூங்க வையுங்கள், விடியற்காலையிலேயே எழுப்பிவிடுங்கள், வரும் வழியில் தூங்க விடாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். மேலூரில் பஸ் ஏறி மாட்டுத்தாவணி வந்து இறங்கும்வரை, அவன் கண் சொருகும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தேன். மையத்தில் இருந்த பெண் "எத்தனை கிலோ இருப்பான்?" என்று கேட்டார். பன்னிரண்டு இருக்கும் என்றேன். எடை மெஷின் அந்த அறை மூலையிலேயே இருந்தது. ஆனால் அவனை நிறுத்திப் பார்க்காமலே ஒரு சிரப்பை அளவு மூடியில் ஊற்றி வாயில் விட்டார். அது டிரைக்ளோஃபாஸ் என்ற மருந்து என்று பிற்பாடுதான் எனக்குத் தெரியும். மூளையின் மின்னோட்டத்தைப் பார்க்கிற இஇஜி, பெரா, இதயத்தைப் பார்க்கிற எக்கோ என்று எந்த டெஸ்ட்டுக்கும் நம் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்கு வழக்கமாகக் கொடுப்பது அதுதான். 5 மி.லி.யில் 500 மி.கி. மருந்து இருக்கும். பிள்ளையின் எடையை வைத்துக் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டியது. ஒன்றிரண்டு மி.லி. கூடினால் அந்தச் சின்ன உடம்புக்கு அது பெரிய வித்தியாசம். எங்கே போனாலும் மெஷினில் நிறுத்தச் சொல்லுங்கள். எத்தனை மி.லி. என்று கேளுங்கள். பாட்டிலை வாங்கிப் பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்கிற மருந்தின் பெயரைக் கேட்பது யாரையும் சந்தேகப்படுவது ஆகாது.

அரை மணி நேரத்தில் தூங்கிவிடுவான் என்றார்கள். அவன் தூங்கவில்லை. முதலில் காரணமே இல்லாமல் சிரித்தான். மடியிலிருந்து வழுக்கி இறங்கி நடக்கப் பார்த்தான், குடித்தவன் மாதிரி தள்ளாடினான். அப்புறம் சிரிப்பு அழுகையாக மாறியது. அந்த மாதிரி அழுகையை நான் அவனிடம் கேட்டதே இல்லை. தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டினான், என் கையைக் கடித்தான், கால் இரண்டும் வெட்டி வெட்டி இழுத்தன. தூக்கி அணைத்தால் வில்லாக வளைந்து நழுவினான். குடித்த மருந்தில் பாதியை வாந்தி எடுத்தான். காத்திருந்த மற்றவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். "ரொம்பப் பிடிவாதக்காரப் பிள்ளையா இருக்கான்" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டு இன்னொரு தடவை சிரப் கொடுத்தார். அதற்கும் அடங்காமல் போகவே உள்ளேயிருந்து ஒருவர் வந்து தொடையில் ஒரு ஊசி போட்டார். என்ன ஊசி என்று கேட்டேன். "தூக்க ஊசிதாம்மா" என்றார். எந்தச் சீட்டிலும் அதை எழுதவில்லை.

தூக்க மருந்து கொடுத்தால் சில பிள்ளைகளுக்கு நேர்மாறாக வெறி பிடித்தாற்போல் ஆகும் என்பது டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். டிரைக்ளோஃபாஸுக்கும் உண்டு, மூக்கில் அடிக்கிற அல்லது ஊசியாகப் போடுகிற மிடசோலாமுக்கும் உண்டு. மூளையில் அடக்கி வைக்கிற பகுதி முதலில் தளர்ந்துவிடுவதால் பிள்ளை தன் கட்டுப்பாட்டை இழந்துவிடும். அதில் அதன் பிடிவாதமோ நம் வளர்ப்போ ஒன்றும் கிடையாது. அந்த நேரத்தில் மேலே மேலே மருந்து ஏற்றுவதுதான் ஆபத்து. முதலில் போனதும் இரண்டாவது போனதும் சேர்ந்து பிற்பாடு ஒரே அடியாக அமுக்கும், மூச்சு மந்தப்படும். மிடசோலாமாக இருந்தால் அதை முறிக்க ஃப்ளூமசெனில் என்று ஒரு மருந்து இருக்கிறது. டிரைக்ளோஃபாஸுக்கு அப்படி முறிமருந்து இல்லை, அது உடம்பிலிருந்து இறங்கும்வரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பிள்ளை இப்படி ஆனால், "இன்னைக்கு வேண்டாம், இன்னொரு நாள் எடுத்துக்கலாம்" என்று சொல்ல நமக்கு முழு உரிமை இருக்கிறது. டெஸ்ட் ஓடிப் போகாது. விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற கருவி இருக்கிறதா, ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறதா, மூச்சுத் திணறினால் கையாளத் தெரிந்த டாக்டர் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறாரா என்பதை முதல் சொட்டு வாயில் போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். இந்த மருந்தை வீட்டில் கொடுத்துவிட்டுக் கூட்டிவாருங்கள் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலே அதைக் கூடாது என்கிறது.

ஊசிக்குப் பிறகு தூங்கினான். டெஸ்ட் முடிந்தது, இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது என்றார்கள். அந்த நிம்மதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் கண் திறப்பதற்கு முன்பே "கூட்டிட்டுப் போங்க, தானா எந்திரிச்சுருவான்" என்று அனுப்பிவிட்டார்கள். இதையும் சொல்ல வேண்டும். பிள்ளை தானாகக் கண் திறந்து, பெயர் சொன்னால் திரும்பி, கொஞ்சம் தண்ணீர் குடித்து இறக்கிய பிறகுதான் அனுப்ப வேண்டும். தூக்க மருந்தில் இருக்கிற பிள்ளையைத் தோளிலோ மடியிலோ உட்கார வைத்துக்கொண்டு வரும்போது தலை முன்னால் தொங்கி, தாடை நெஞ்சில் பட்டால் மூச்சுக்குழல் மடங்கிப்போகும். பிள்ளைக்குக் கத்தக்கூட முடியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வயசான அம்மாதான் "கழுத்த நிமித்திப் பிடி ஆத்தா, பிள்ளை கொர்கொர்ன்னு இழுக்குது" என்று சொன்னார். ஒத்தக்கடை தாண்டியதிலிருந்து வீடு வரைக்கும் அவன் நெற்றியைக் கையில் தாங்கிக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் எழுந்தான். கஞ்சி குடித்தான். விளக்கு வைக்கிற நேரம் இருக்கும், தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுளுக்கு என்று நினைத்துத் தடவிக் கொடுத்தேன். திரும்பவில்லை. தாடை தோளோடு போய் முட்டிக்கொண்டு நின்றது, கழுத்து நரம்பு விறைத்திருந்தது. பிறகு கண் இரண்டும் மேலே ஏறி நின்றுவிட்டன, கறுவிழி பாதிதான் தெரிந்தது. நாக்கு வெளியே தள்ளியது, உள்ளே இழுக்க அவனால் முடியவில்லை, எச்சில் வழிந்தது. முதுகு பின்னால் வளைந்தது. சில நிமிடம் அப்படியே இருந்துவிட்டு கொஞ்சம் தளரும், மறுபடியும் இழுக்கும். ஆனால் அத்தனைக்கும் நடுவில் அவன் என் சுண்டுவிரலைப் பிடித்திருந்தான். வெளியே தள்ளிய நாக்கோடு "ம்மா, ம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பயந்திருந்தான். நினைவு இருந்ததால்தான் பயந்தான் என்பது எனக்கு அப்போது உறைக்க வழியே இல்லை. மாமியார் வலிப்பு என்று அலறி சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தார். பக்கத்து வீட்டில், காத்து கருப்பு பட்டிருக்கும், பாண்டி கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம் என்றார்கள். குவைத்தில் இருப்பவருக்குக் காட்டுவதற்காக வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ எடுத்து அனுப்பினேன். கை நடுக்கத்தில் பாதி தரையைத்தான் எடுத்திருந்தேன். ஆனால் அந்த வீடியோதான் கடைசியில் எங்களைக் காப்பாற்றியது.

ஊர்க்கார அண்ணன் ஒருவர் காரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பார்த்ததும் ஃபிட்ஸ் என்றார்கள். நரம்பில் மிடசோலாம் ஊசி போட்டார்கள், கொஞ்ச நேரத்தில் கழுத்து தளர்ந்து அவன் தூங்கிப்போனான். "பாத்தீங்களா, ஃபிட்ஸ் ஊசிக்கு நின்னுருச்சு, அப்ப ஃபிட்ஸ்தான்" என்றார் டூட்டி டாக்டர். நானும் நம்பினேன். அவர் சொன்னதில் இருந்த ஓட்டையைப் பிற்பாடுதான் எனக்கு விளக்கினார்கள்: மருந்தால் வருகிற இந்தத் திருகலும் அதே ஊசிக்கு அடங்கும். ஊசிக்கு நின்றது என்பதை வைத்து ஃபிட்ஸ் என்று முடிவு கட்ட முடியாது. காலையில் தூக்க ஊசி போட்டார்கள் என்று சொன்னேன். என்ன ஊசி என்று அவர் கேட்டார். என் கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. மையத்துக்கு போன் அடித்துக்கொண்டே இருந்தேன், இரவு யாரும் எடுக்கவில்லை. ஐசியு, தலைக்கு சிடி ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, லெவிடிராசிடம் என்ற ஃபிட்ஸ் மருந்து ஊசி. முன்பணம் 20,000 கட்டச் சொன்னார்கள். நெருங்கின சொந்தத்தில் கொஞ்சம் புரட்டி, மீதிக்கு மறுநாள் காலையில் கழுத்துச் செயினைக் கழற்றி அடகு வைத்தேன். ஐசியு கதவுக்கு வெளியே உட்கார்ந்து, என் பிள்ளைக்குப் பேச்சும் வராமல் இப்போது இதுவும் வந்துவிட்டதே என்று நினைத்த நினைப்பு இருக்கிறதே, அதை எந்தத் தாயும் நினைக்கக் கூடாது.

காலையில் ஊசியின் வேகம் இறங்கியதும் கழுத்து மறுபடியும் திருகியது. மருந்து கேட்கவில்லை, இஇஜி எடுத்தாக வேண்டும், இரண்டு வருஷமாவது மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும் என்றார்கள். இஇஜிக்குத் தூங்க வைப்பதற்காக நர்ஸ் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தார். அதே சிரப். எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது. "சிஸ்டர், இத வாயில வைக்காதீங்க" என்று பாட்டிலைத் தள்ளிவிட்டேன். கணவர் போனிலேயே இருந்தார். அவர் சத்தம் போட்டதில், எங்கள் பொறுப்பில் போகிறோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஆம்புலன்ஸில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே குழந்தைகள் வார்டில் இருந்த டாக்டர் அம்மா முதலில் மகனைத் தொடவே இல்லை, பக்கத்தில் நின்று பார்த்தார். சாக்லேட் தாள் ஒன்றை எடுத்துச் சரசரவென்று ஆட்டினார். மகன் கழுத்து திருகிய நிலையிலேயே கையை மட்டும் அதை நோக்கி நீட்டினான். பிறகு என் போனில் இருந்த வீடியோவை இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். "ஏம்மா, இவன் உன்னக் கூப்புடுறானே. முழிச்சிக்கிட்டு இருக்கான். இது ஃபிட்ஸ் இல்ல. நேத்து என்ன மருந்து போட்டாங்க, அதச் சொல்லு" என்றார். நான் அங்கேயே மையத்துக்கு போன் போட்டேன். இந்தத் தடவை எடுத்தார்கள். "எல்லாருக்கும் போடுறதுதான்" என்று இழுத்தார்கள். டாக்டர் போனை வாங்கி அவரே பேசினார். புரோமெத்தசின். பெனெர்கன் என்று பழக்கப்பட்ட அதே மருந்து.

அலர்ஜிக்கும் சளிக்கும் கொடுக்கிற மருந்துதானே, தூக்கம் வரும் என்று நம் எல்லோருக்கும் தெரியுமே என்று நினைப்போம். ஆனால் அது ஃபீனோதயசின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது என்று டாக்டர் விளக்கினார். அந்தக் குடும்பத்து மருந்துகள் மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுக்கும். தசைகளை இறுக்குவதும் தளர்த்துவதும் அந்த டோபமினும் இன்னொரு ரசாயனமான அசிட்டைல்கோலினும் சமமாக இருந்தால்தான் ஒழுங்காக நடக்கும். ஒன்று குறைந்தால் கழுத்து, கண், நாக்கு, தாடை, முதுகுத் தசைகள் தன்னிஷ்டத்துக்கு இறுகிக்கொள்ளும். இதற்கு டிஸ்டோனியா என்று பெயர். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கும் இளம் வயதினருக்கும் அதிகமாக வரும். பெரும்பாலும் மருந்து போட்ட சில மணி நேரத்திலிருந்து ஓரிரண்டு நாளுக்குள் காட்டிவிடும். வாந்திக்குப் போடுகிற மெட்டோகுளோபிரமைடால்தான் இது நிறைய வரும், அப்படி வந்தால் அதைச் சரிசெய்ய நம் ஆஸ்பத்திரிகளில் புரோமெத்தசின் ஊசியைத்தான் போடுவார்களாம். வைத்தியமாகப் போடுகிற மருந்தே அபூர்வமாகச் சிலருக்கு அதே திருகலைக் கொண்டுவரும் என்பதால் யாருக்கும் அதன்மேல் சட்டென்று சந்தேகம் வராது. எனக்கு அந்த விளக்கம் போதவில்லை, உயிருக்கு ஆபத்தா, மூளையைப் பாதிக்குமா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டேன். மருந்து இறங்கினால் அடையாளமே இல்லாமல் போய்விடும், குரல்வளைத் தசை இறுகினால் மட்டும்தான் மூச்சுக்கு ஆபத்து, அதனால் பக்கத்திலேயே வைத்துப் பார்ப்போம் என்றார். இந்தத் திருகலைத் தளர்த்துகிற ட்ரைஹெக்ஸிபெனிடில் என்ற மாத்திரையில் ஒரு சிறு துண்டைப் பொடித்துக் கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள் கழுத்து நேரானது. அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். மறுபடி இழுக்காமல் இருக்க அதே மாத்திரையைக் கொஞ்ச நாள் தொடரச் சொன்னார்கள்.

எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்று இப்போது என்னிடம் கேட்கிற பெற்றோர்களுக்கு நான் சொல்வது இதுதான். உடம்பு முழுக்க வெட்டி இழுக்கிற ஃபிட்ஸில் பிள்ளைக்கு நினைவு இருக்காது, கூப்பிட்டால் தெரியாது, முடிந்ததும் அசந்து தூங்கிவிடும். மருந்துத் திருகலில் பிள்ளை முழித்திருக்கும், அழும், நம்மைப் பிடிக்கும், வலியைச் சொல்லும். ஒரே இடம் இறுகி நிற்கும், விட்டு விட்டு வரும். பெரும்பாலும் அதற்கு முந்தின இரண்டு நாளுக்குள் ஏதாவது மருந்து போயிருக்கும். ஆனால் இதை வைத்து வீட்டிலேயே முடிவு எடுத்துவிடக் கூடாது. நினைவு தப்பாத ஃபிட்ஸும் உண்டு. எதுவாக இருந்தாலும் 108ஐக் கூப்பிட வேண்டும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதுவும் திணிக்காமல், கையில் இரும்பு கொடுக்காமல் கொண்டுபோக வேண்டும். யாராவது ஒருவர் முகமும் கழுத்தும் தெரிகிற மாதிரி அரை நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டால் போதும், பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பிள்ளை திரும்புகிறதா என்பதும் அதில் பதிவாகட்டும். ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் முதலில் சொல்ல வேண்டியது, இன்ன மருந்து, இத்தனை மி.லி., இத்தனை மணிக்கு. என் கையில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் ஐசியுவும் சிடியும் வந்திருக்காது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். டெஸ்ட்டுக்கு 1,800. தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன், ஐசியு, மருந்து எல்லாம் சேர்த்து 41,000. செயின் இன்னும் அடகில்தான் இருக்கிறது, வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பெரியாஸ்பத்திரியில் மருந்துக்கும் படுக்கைக்கும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. ஃபிட்ஸ் மருந்தை நானாக நிறுத்தவில்லை. இஇஜியை மருந்தில்லாமல், ராத்திரி முழுக்க விழிக்க வைத்து மறுநாள் காலையில் அவனாகத் தூங்கும்போது எடுத்துப் பார்த்து, நார்மல் என்ற பிறகு டாக்டர்தான் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். அப்படித் தூக்கத்துக்குக் காத்திருந்து எடுக்க முடியும் என்றால் பெராவையும் அப்படியே எடுத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளை வழக்கமாகத் தூங்குகிற நேரத்துக்கு அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள், முதலில் மருந்தில்லாமல் முயற்சி செய்து பாருங்கள் என்று சொல்லுங்கள். ஒத்துக்கொள்கிற இடங்கள் இருக்கின்றன.

இன்னொன்று, இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு புரோமெத்தசின் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்காவில் 2004-லேயே மருந்தின் பெட்டிச் சீட்டில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டுவிட்டார்கள். காரணம் மூச்சு அடங்கிப்போவது. பஸ் பிரயாணத்துக்குத் தூங்கட்டும், திருவிழாக் கூட்டத்தில் அழாமல் இருக்கட்டும் என்று மெடிக்கலில் வாய்ச்சொல்லாகக் கேட்டு சளி சிரப் வாங்கி ஊற்றுகிற பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று லேபிளைப் படித்துப் பாருங்கள்.

நடந்ததை நான் புகாராக எழுதவில்லை, பதிவாக எழுதிக் கொடுத்தேன். மருந்துகளின் பக்கவிளைவைப் பதிவு செய்ய நம் நாட்டில் 2010-லிருந்து ஒரு திட்டம் நடக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், டாக்டராக இருக்க வேண்டியதில்லை. பொதுமக்களுக்கான படிவம் தமிழிலேயே இருக்கிறது. மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம், என்ன ஆனது, எப்போது சரியானது என்று கேட்டிருப்பார்கள். நம் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். மகனின் ஃபைலில் முதல் பக்கத்தில் டாக்டர் அம்மா சிவப்பு மையில் புரோமெத்தசின், டிஸ்டோனியா என்று தேதியோடு எழுதிக் கொடுத்தார். மெட்டோகுளோபிரமைடையும் அதன் கீழே சேர்த்தார், ஒன்றுக்கு இப்படி ஆன பிள்ளைக்கு மற்றதற்கும் ஆகக்கூடும் என்று. டிரைக்ளோஃபாஸுக்கு வெறி வந்ததையும் குறிக்கச் சொல்லி நான்தான் கேட்டு வாங்கினேன். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து என் போனிலும், கணவர் போனிலும், பால்வாடி டீச்சரிடமும் வைத்திருக்கிறேன். போன மாதம் பல் பிடுங்க வேண்டி வந்தபோது மயக்க டாக்டரிடம் முதலில் நீட்டியது அதைத்தான். அவர் படித்துவிட்டு வேறு மருந்தை எழுதினார்.